அத்தையின் கத்தரிப்பூப் புடவை

செத்துப்போன என் அத்தையின் புடவை ஒரு சனிக்கிழமை காலையில் பாத்திரக்காரரின் மூட்டைக்குள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தையை எரித்து அப்போது நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் புடவையும் அவளோடு எரிந்துபோனது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அல்லது, எல்லோரும் நம்புகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கூடத்தில் அப்பாவின் தறி, பின்கட்டில் அம்மாவின் கத்தரிக்கோல். அப்பா பதினைந்து நாள் உட்கார்ந்து ஒரு பட்டுப்புடவை நெய்வார். அம்மா அரைமணி நேரத்தில் ஒரு பட்டுப்புடவையை நாடா நாடாவாகக் கிழித்துவிடுவாள். இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் நடந்தன. அம்மா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் அப்பா வெற்றிலை வாங்க வெளியே போய்விடுவார், அவ்வளவுதான்.

அம்மாவின் தொழில் எங்கள் தெருவுக்குப் புதிது. தெருத்தெருவாகப் போய்ப் பழைய பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் எவர்சில்வர் குடமும் அடுக்கும் கொடுக்கிற பாத்திரக்காரர் ஒருவர் இருந்தார். அவர் புடவையின் கரையையும் முந்தானையையும் அறுத்தெடுத்து ஜரிகை உருக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். மிச்சமிருக்கிற உடம்புப் பகுதி அவருக்கு ஆகாது. அதுதான் மூட்டையாகக் கட்டி எங்களிடம் வரும். அம்மா அதை விரலகலத்துக்கு, ஒரே நீளமாக, முனைக்கு முனை திரும்பித் திரும்பி வெட்டுவாள். அப்பாவின் தறிக்கு ஊடைநூல் தார் சுற்றுகிற அதே ராட்டையில் அந்த நாடாவை முறுக்கேற்றுவாள். சில சமயம் கூடவே வாழை நாரையும் சேர்ப்பாள். கடைசியில் பருத்த, சொரசொரப்பான, பல நிறம் கலந்த நூல் கிடைக்கும். அதை வளையமாகச் சுற்றி, சிட்டம் சிட்டமாக மூங்கில் கழியில் தொங்கவிடுவோம். மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு மேடம் வேனில் வந்து எடுத்துப் போவார். வெளிநாட்டில் குளிர்காலத்தில் பெண்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்து இந்த நூலில் சால்வையும் தொப்பியும் பின்னுகிறார்கள் என்று அவர்தான் சொன்னார். பட்டுப்புடவையை வெட்டுவது பாவம் என்று எங்கள் தெருப் பெண்கள் அம்மாவின் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாத்திரக்காரர் வரும் நாளில் பழைய புடவையோடு முதலில் ஓடிவருகிறவர்களும் அவர்கள்தான்.

மேடம் நூல் மட்டும் கேட்கவில்லை. பின்னிக் கொடுக்கிற ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். அப்படித்தான் அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவின் அக்கா. கூரம் கிராமத்தில் மாமாவோடு இருந்தாள். பிள்ளைகள் இல்லை. மாமா மாவு மில்லில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸில் அத்தை எங்கள் வீட்டுக்கு வருவாள், சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போவாள். மேடம் ஒரே ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நீள ஊசிகளை வைத்து எதை வேண்டுமானாலும் பின்னினாள். பின்னும்போது ஊசியைப் பார்க்கமாட்டாள், நம் முகத்தைத்தான் பார்ப்பாள். அம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே உதட்டுக்குள் கண்ணிகளை எண்ணுவாள். எண்ணிக்கை தப்பிவிட்டால் பழி என்மேல் விழும். மிச்சம் மீதி நூலையெல்லாம் சேர்த்து எனக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடுத்தாள். சித்திரை வெயிலில் அதை நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பி.டி. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அத்தையிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து, ஒரு வரிசைக் கண்ணி முழுவதையும் ஊசியிலிருந்து நழுவவிட்டுவிட்டாள். அதற்கும் பழி என்மேல்தான்.

அவளிடம் ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவை இருந்தது. அவள் கல்யாணத்துக்காக அப்பா பத்தொன்பது வயதில் நெய்தது. அதற்குமுன் தாத்தாவுக்கு உதவியாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறாரே தவிர, முதலிலிருந்து கடைசிவரை அவர் தனியாக நெய்த முதல் புடவை அது. உடம்பு முழுக்கப் பச்சைப் பட்டு நூலில் சின்னச் சின்னக் கிளிகள். ஒரு சாயங்காலம் கரண்டு போன அரை இருட்டில் நூல்கண்டை மாற்றி எடுத்துவிட்டார். ஒரே ஒரு கிளி மட்டும் நீலமாகிப்போனது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்து, பிரிக்கப் போனவரை அத்தை விடவில்லையாம். விசேஷங்களில் அத்தை அந்தப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் நான் அவள் கொசுவத்துக்குள் கைவிட்டு அந்த நீலக் கிளியைத் தேடி எடுப்பேன். அத்தை கூச்சம் தாங்காமல் நெளிவாள்.

அத்தை ஒரு விடியற்காலையில் மார்வலி என்று சொல்லியிருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். நாங்கள் கூரம் போய்ச் சேர்ந்தபோது அவளைக் குளிப்பாட்டியிருந்தார்கள். பிறந்தவீட்டுக் கோடி போர்த்த வேண்டும் என்றார்கள். அப்பா புதுப்புடவை வாங்கவில்லை. அத்தையின் பெட்டியைத் திறந்து அந்தக் கத்தரிப்பூப் புடவையை எடுத்து, தன் கையாலேயே அவள்மேல் போர்த்தினார். மாமா பாடையின் கால்மாட்டில் நின்றிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நீலக் கிளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு சாமந்தி விழுந்து மறைத்துக்கொண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

பெண்களும் பிள்ளைகளும் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது. தெருமுனைவரை ஓடிப்போய் நின்றோம். புடவையை என்ன செய்வார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அது அத்தையோடவே போயிடும்மா என்றாள். ஆண்கள் ஏரியில் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பி வந்தபோது, மாமாவும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகவே அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நீ நெய்ஞ்சது அவளோடவே போயிடுச்சிப்பா என்றார். அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று அம்மா சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தார். அம்மா மொட்டைமாடியில் சாயமேற்றிய சிட்டங்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரக்காரர் மூட்டையைப் பின்கட்டில் போட்டுவிட்டு, அம்மா வந்தா சொல்லுமா என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இல்லாமல் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஊக்கும் கொக்கியும் கையில் குத்திவிடும். ஊக்குகளைப் பிடுங்கி டப்பாவில் போடுவதுதான் என் வேலை என்பதால், சட்டம் என்னைத் தவிர மற்றவர்களுக்கு என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தேன். மேலே ஒரு மாம்பழ மஞ்சள். அடுத்தது மிளகாய்ச் சிவப்பு. அதற்குக் கீழே கத்தரிப்பூ நிறம். கரை இல்லை, முந்தானை இல்லை. இரண்டு பக்கமும் கத்தி வைத்து அறுத்த பிசிறு. அதில் பச்சைக் கிளிகள்.

கத்தரிப்பூ நிறத்தில் கிளிப் புடவை ஊரில் எத்தனையோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். நெசவுக்காரர் பெண்ணுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா. ஆனாலும் கை தானாகவே அதை இழுத்தது. மடிப்பு மடிப்பாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மஞ்சள்பொடி வாசனை அடித்தது. அந்த மடிப்புக்கு அடுத்த மடிப்பில் நீலக் கிளி இருந்தது.

என் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. மாடியில் அம்மா சிட்டங்களை உதறுகிற சத்தம்தான் அது என்று பிறகு யோசித்தபோது தோன்றியது. அப்போது அது யாரோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. புடவையைக் கீழேயும் போட முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. மெதுவாக ஒரு யோசனை வந்தது. வந்ததும் அது யோசனையாக இல்லாமல் உண்மையாகவே ஆகிவிட்டது. புடவை அத்தையோடு போய்விடும் என்றார்கள். புடவை போகவில்லை. அப்படியென்றால் அத்தையும் போகவில்லை.

இப்போது சொல்லும்போது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவளை எரித்ததை நான் பார்க்கவில்லை. பார்த்த ஆண்கள் புடவை விஷயத்தில் பொய் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மற்றதை மட்டும் எப்படி நம்புவது?

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மூட்டையைப் பிரித்ததற்கு முதலில் முதுகில் ஒன்று விழும். அதைவிட, இந்தச் செய்தியை மாமாவிடம் முதலில் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அவர்தானே தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைக் கொட்டிவிட்டுப் புடவையைத் திணித்தேன். சனிக்கிழமை என்றாலும் யூனிபார்ம் போட்டுக்கொண்டேன். யூனிபார்மில் இருந்தால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கமாட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அத்தையோடு எத்தனையோ தடவை போன பஸ்தான், அதனால் பயமில்லை. கண்டக்டர் மட்டும் ஒருமுறை நின்று பார்த்தார்.

"இன்னிக்கு ஏதும்மா ஸ்கூலு?"

"ஸ்பெஷல் கிளாஸ்" என்றேன்.

"கூரத்துலயா?"

"ஆமா" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் போய்விட்டார். வழியெல்லாம் நிறுத்தத்தில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஒரு பெண் கட்டைப்பையோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மிச்ச வழி முழுவதும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமா வீட்டுக் கதவு திறந்திருந்தது. மாமா அடுப்படியில் லுங்கியோடு நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாசலைப் பார்த்தார், கூட யார் வருகிறார்கள் என்று. யாரும் வரவில்லை என்றதும் முகம் மாறிவிட்டது.

"என்னாமா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

பையைத் திறந்து புடவையை எடுத்து அவர் முன்னால் தரையில் போட்டேன். நீலக் கிளி மேலே தெரியும்படி பிரித்தும் வைத்தேன்.

"அத்தை சாகலை மாமா" என்றேன். "பாத்திரக்காரர் மூட்டையில இருந்துச்சி. புடவை எரியலைன்னா அத்தையும் எரியலைதான?"

மாமா கையில் பிடித்திருந்த தட்டு அப்படியே இருந்தது. சோற்றுக் கஞ்சி கீழே வைத்திருந்த பாத்திரத்தின் விளிம்பு தாண்டி வழிந்து அவர் கால்மேல் கொட்டியது. கொதிக்கிற கஞ்சி. அவர் காலை நகர்த்தவில்லை. நான்தான் மாமா கால், மாமா கால் என்று கத்தினேன். பிறகுதான் சோற்றுப் பானையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே, ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அழுவார், இல்லாவிட்டால் சந்தோஷத்தில் எழுந்து என்னைத் தூக்கிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. புடவையைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அத்தை எரிஞ்சுட்டாம்மா. நான்தான் கொள்ளி வெச்சேன்."

அந்த இரண்டு வாக்கியங்களை அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வரும். சாப்பிடும்போது வரும். என் அத்தை கூரத்தில் அந்த விடியற்காலையில் சாகவில்லை. அவள் செத்தது அந்தச் சனிக்கிழமை, அடுப்படியில், என் கண்ணுக்கு முன்னால்.

"அப்ப இது?" என்றேன்.

மாமா என்னிடம் சொல்கிறாரா, புடவையிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார். சுடுகாட்டில் வேலை செய்கிற ஆள், பட்டு லேசில் வேகாது, உடம்போடு சுருங்கி ஒட்டிக்கொள்ளும், எடுத்துவிடுங்கள் என்றானாம். வழக்கமாக எடுப்பதுதான் என்றானாம். அப்பா அப்போது கொஞ்சம் தள்ளித் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். மாமாவுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. சரி, உருவிக்கோ என்று சொல்லிவிட்டார். அவன்தான் அதைப் பாத்திரத்துக்குப் போட்டிருப்பான் என்றார்.

"உங்கப்பன் அவ்ளோ ஆசையா போர்த்தினான். அவன்கிட்ட எப்டிமா சொல்றது? அவளோடவே போயிடுச்சின்னு சொல்லிட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா."

பெரியவர்கள் பிள்ளைகளிடம் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை. அத்தை செத்துப்போனதைவிட அது என்னை அதிகமாகப் பயமுறுத்தியது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. தலையை ஆட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் வாசலில் அப்பாவின் மொபெட் சத்தம் கேட்டது.

நான் கூரம் பஸ்ஸில் ஏறுவதை எங்கள் தெருத் தையல்காரர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். அவர் அம்மாவிடம் சொல்லி, அம்மா சங்கத்துக்கு ஆள் அனுப்பி, அப்பா அங்கிருந்து நேராக வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் மாமா புடவையை வாரி எடுத்துக்கொண்டு அந்தச் சின்ன வீட்டில் அங்கும் இங்கும் திரும்பினார். அரிசிக் கலயம் பக்கம் போனார், கட்டிலுக்குக் கீழே குனிந்தார். கடைசியில் என் பையிலேயே திணித்தார். ஜிப்பு பாதியில் மாட்டிக்கொண்டது.

அப்பா உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஏம்மா சொல்லாம வந்தே?"

"மாமாவைப் பாக்கணும்போல இருந்துச்சி" என்றேன். என் வாழ்க்கையில் அப்பாவிடம் மற்றொருவருக்காகச் சொன்ன முதல் பொய்.

அப்பா மாமாவின் காலைப் பார்த்தார். கஞ்சி பட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. தரையில் கொட்டியிருந்த கஞ்சியைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். ஜிப்பு இடுக்கில் ஒரு விரலகலத்துக்குக் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏதோ துணி என்று விட்டிருப்பார்கள். அவர் தன் கையால் பாவு கட்டி நெய்த நிறம் அது. குனிந்து ஜிப்பை விடுவித்து, மெதுவாக வெளியே உருவினார். மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அறுத்த பிசிறை விரலால் தடவினார். கரை இருந்த இடத்தைத் தடவினார்.

மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு ஓடிப்போய்விட வேண்டும்போல இருந்தது. இனிமேல் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இருக்காது, நான்தான் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன், என்னால்தான் எல்லாம் என்று தெரிந்துவிட்டது.

அப்பாவும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியும் மாமா" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவர் விரல் இன்னும் பிசிறைத் தடவிக்கொண்டிருந்தது.

"சுடுகாட்டுலேர்ந்து கிளம்பும்போது திரும்பிப் பாக்கக்கூடாதுன்னாங்க. நான் பாத்துட்டேன். அங்க வேலை செய்யற ஆளு புடவைய மடிச்சிக்கினு இருந்தான்."

அதற்குப்பிறகுதான் மாமா அழுதார். அத்தை இறந்த அன்றைக்கு அழாத அழுகை. சுவரில் சரிந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று பயந்தவரிடம் முன்பே தெரியும் என்று சொன்னால் பயம் போக வேண்டும் அல்லவா, எதற்கு அழுகிறார்? தெரிந்திருந்தும் நாற்பது நாளாக அப்பா ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அப்பா எழுந்து போய் அவரைத் தேற்றவும் இல்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். குழைந்துபோன அந்தச் சோற்றை மூன்று தட்டில் போட்டார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மூன்று பேரும் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவையைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா சுருக்கமாகச் சொன்னார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். துவைத்து, பீரோவில் சாமி துணிகளோடு வைத்துவிடலாம் என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"வேணாம்" என்றார் அப்பா. "வெட்டிடு."

அம்மாவுக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். இரண்டாவது தடவையும் சொன்னார்.

"என் கை வராதுங்க" என்றாள் அம்மா.

அப்பா பின்கட்டுக்குப் போனார். ஆணியில் மாட்டியிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். எங்கள் வீட்டில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததேயில்லை. நகர்த்தி வைப்பதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை விரித்தார். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலகலம் விட்டு வெட்டுங்க, முனைக்கு வந்தா அறுத்துடாம திரும்புங்க என்று அம்மா நிலைப்படியில் நின்றபடி சொன்னாள். அப்பா வெட்ட ஆரம்பித்தார்.

முதலில் நான் கத்தவில்லை. நடப்பது நிஜம் என்றே தோன்றவில்லை. வெற்றிலை வாங்க எழுந்து போகிற என் அப்பா, தன் அக்காவுக்காகத் தான் நெய்ததைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக, ஆனால் நிறுத்தாமல். பச்சைக் கிளிகள் தலை வேறு வால் வேறாக நாடாவில் வந்துகொண்டிருந்தன. நீலக் கிளி பக்கம் கத்தரிக்கோல் வந்தபோதுதான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அதை மட்டுமாவது விடுங்கப்பா, என் நோட்டுல ஒட்டி வெச்சிக்கிறேன் என்று அழுதேன். அப்பா என் கையை விலக்கினார். கோபமாக இல்லை. சட்டையில் உட்கார்ந்த பூச்சியை விலக்குவதுபோல விலக்கினார். விலக்கிவிட்டு அதன் குறுக்கே வெட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா அந்த நாடாவை ராட்டையில் போட்டாள். வாழை நாரும், வேறு இரண்டு புடவையின் நாடாவும் சேர்த்து முறுக்கச் சொன்னார் அப்பா. முறுக்கின பிறகு எது கத்தரிப்பூ, எது கருநீலம், எது அரக்கு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. சிட்டம் கட்டி மற்றவற்றோடு கழியில் தொங்கவிட்டாள்.

நான் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் தார் கேட்டால் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவருக்கு அக்கா மேல் பாசமே கிடையாது என்று தீர்மானம் செய்துகொண்டேன். பாசமிருந்தால் தெரிந்த அன்றைக்கே சுடுகாட்டுக்கு ஓடிப்போய் வாங்கி வந்திருப்பார், இல்லாவிட்டால் மாமாவை நான்கு பேர் முன்னால் கேட்டிருப்பார், அதுவும் இல்லாவிட்டால் திரும்பி வந்ததையாவது பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பார். இவர் எதையும் செய்யவில்லை. வெட்டினார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் என்னை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை மாமா வந்தார். அத்தை போனபிறகு முதல் தடவை. காலில் துணிக்கட்டு, கையில் ஒரு தார் பூவன் பழம். வாசலிலேயே நின்றார். முன்கூடத்தைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், திறந்திருந்த பீரோவைப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்பா தறியிலிருந்து எழுந்திருக்காமல் பின்கட்டுக் கழியைக் கையால் காட்டினார்.

"அதுல எங்கியோ இருக்குது மாமா. உள்ள வாங்க."

கழியில் முப்பது நாற்பது சிட்டங்கள் தொங்கின. மறுநாள் மேடத்தின் வேன் வர வேண்டிய நாள். மாமா நிலைப்படியில் நின்றபடியே அவற்றை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒருமுறை கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். கூரம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அப்பா கேட்டார். மாமா சொன்னார். மில் முதலாளியின் புது மீசையைப் பற்றி ஏதோ சொன்னார். அப்பா சிரித்தார், மாமாவும் சிரித்தார்.

நான் ராட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் புடவை பீரோவில் மடித்து வைக்கப்பட்டிருந்தால் மாமா அன்றைக்கு நிலைப்படியைத் தாண்டியிருப்பாரா என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தெரியவில்லை.